மல்லாட்டை வாசனை வரும் வரை

இன்று காலை எனக்கு மூக்கு எரிந்தது. இதைச் சொன்னால் புரிந்துகொள்ள உன்னைத் தவிர எனக்கு ஆள் கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஐப்பசி மழை விடியலில்தான் விட்டது. மைதானத்தில் அங்கங்கே தண்ணீர் தேங்கி நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே, செஞ்சிக் கோட்டை பார்க்க வருகிற கூட்டம் எப்படியும் மதியத்துக்கு மேல் நம் பக்கம் திரும்பும் என்று, தார்ப்பாயை விலக்கி மூன்று ஏடிவி வண்டிகளையும் ஒவ்வொன்றாக ஸ்டார்ட் செய்தேன். பெரிய பொண்ணு வழக்கம்போல முதல் உதையிலேயே எடுத்தாள். சின்னப் பொண்ணும் தகராறு செய்யவில்லை. நீ பெயர் வைத்துச் செல்லம் கொடுத்துக் கெடுத்துவைத்த நடுப் பொண்ணு மட்டும் இருமிக்கொண்டே நின்றாள். என்னவென்று பார்க்கப் பின்னால் போய்க் குனிந்தேன். புகை முகத்தில் அடித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, அது எப்போதும் வருவதுதான். ஆனால் அதற்கு அடுத்து மூக்குக்குள் ஏதோ சுருக்கென்று ஏறியது. ஒரு நிமிஷம் அது என்னவென்றே எனக்குத் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. பெட்ரோல். எரியாமல் வெளியே வருகிற பச்சை பெட்ரோல் வாசனை.

கொரோனாக் காய்ச்சலில் போன மூக்கு, இத்தனை வருஷம் கழித்து, நீ இல்லாத நேரமாகப் பார்த்துத் திரும்பி வந்திருக்கிறது. கொஞ்சமாவது அறிவிருக்கிறதா அதற்கு?

அந்தக் காய்ச்சல் வந்த எல்லாருக்கும் வாசனை ஒரு மாதத்தில் திரும்பிவிட்டது. எனக்கு வரவில்லை. மெக்கானிக்குக்கு மூக்கு போனால் பாதிக் கை போன மாதிரி. ஆயில் கருகுகிறதா, வயர் கருகுகிறதா, ஒன்றும் தெரியாது. பைக் சர்வீஸ் சென்டரில் என்னை ஒன்றும் சொல்லவில்லைதான். நானாகவே எரிச்சல்பட்டு வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அம்மா குழம்பு வைத்து எதிரே உட்கார்ந்து "எப்படி இருக்குது?" என்று கேட்பார். சூடாக இருக்கிறது என்பதைத் தவிர என்னிடம் பதில் இருக்காது.

அப்போதுதான் நீ சென்னையிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தாய். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் டிபன் டப்பாவைத் திறந்த அதே கையோடு, கேட்காமல் என் வீட்டுக் கதவைத் திறந்தாய்.

"கோட்டை ஏறி எறங்கறவங்களுக்குக் காலு வலிக்கும் இல்ல? அவங்கள உக்காரவெச்சு வண்டி ஓட்ட விட்டா இன்னா?"

"எந்த வண்டி?"

"நாலு சக்கரம்டி. கரட்டுல, மணல்ல ஏறிப் போவுமே, அது. கடற்கரைப் பக்கம் ஒரு ரிசார்ட்ட மூடறாங்க. மூணு வண்டி பேசி வெச்சுட்டேன். எங்க நைனாவோட மானாவாரிக் கொல்லைதான் மைதானம். மெக்கானிக் நீதான்."

எனக்கு வாசனை தெரியாது என்றேன். "அதுக்குத்தான் நான் இருக்கறனே" என்றாய். அப்போது அது வெறும் பேச்சு. உனக்கு ஸ்பேனருக்கும் ஸ்க்ரூடிரைவருக்கும் வித்தியாசம் தெரியாது என்பதை மறுநாளே தெரிந்துகொண்டேன்.

மூன்றும் கார்புரேட்டர் வண்டிகள். காற்றும் பெட்ரோலும் கலக்கிற இடம் அது, அவ்வளவுதான் என்று உனக்குச் சொன்னேன். பெட்ரோல் ஏறினால் புகையும், இருமும். காற்று ஏறினால் சூடாகும், எரிந்துபோகும். நடுவில் ஓர் இடம் இருக்கிறது, அதை ஒரு சின்ன ஸ்க்ரூவைத் திருகித் தேட வேண்டும். திறந்தால் பெட்ரோல் கூடும், மூடினால் குறையும். தேடிப் பிடித்தாலும் அது அங்கேயே இருக்காது. கத்திரி வெயிலில் நம் ஊர்ப் பாறை பொழுது சாய்ந்த பிறகும் அனல் விடும். சூட்டில் காற்று மெலிந்துபோகும், அப்போது பெட்ரோலைக் குறைக்க வேண்டும். மார்கழிப் பனியில் காற்று கனக்கும், அப்போது கூட்ட வேண்டும். மழை ஈரத்தில் மறுபடி கொஞ்சம் குறைக்க வேண்டும். முழுவதையும் கேட்டுவிட்டு நீ சொன்னாய்: "இது இன்னாடி மாமியார் மாதிரி? வெயில் அடிச்சாலும் மூஞ்சிய தூக்குது, பனி பேஞ்சாலும் மூஞ்சிய தூக்குது!"

முதல் நாள் நான் காதை வைத்துத் திருகினேன். நீ சைலன்சருக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நின்றாய்.

"இப்ப இன்னாடி?"

"பெட்ரோல் பங்க்குல நிக்கற மாதிரி இருக்குது."

கால் சுற்று மூடினேன். "இப்ப?"

"பங்க்கத் தாண்டி ரோட்டுக்கு வந்துட்டோம்."

இன்னும் துளி மூடினேன். இன்ஜின் சத்தம் ஒரே சீராக நின்றது. நிமிர்ந்து பார்த்தால், கழுத்தைத் திருப்பி வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய். "மல்லாட்ட வாசன வருதுடி" என்றாய். பக்கத்துக் கொல்லையில் அன்றைக்கு மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஈர மண்ணும் வேரும் பச்சைக் கடலையுமாக மேலே வருகிற வாசனை. வண்டிக்குப் பின்னால் நிற்கிறவளுக்கு வண்டியின் நாற்றம் போய் அடுத்த கொல்லையின் வாசனை வந்துவிட்டதென்றால் அளவு சரி. டிப்ளமோவில் எனக்கு யாரும் இப்படிச் சொல்லித்தரவில்லை. ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பெட்ரோல் ஏறியிருந்தால் கரி அப்பியிருக்கும்; இது பொன் வறுவலாக, அழகான பழுப்பு நிறத்தில் இருந்தது.

அன்றிலிருந்து அதுதான் நம் கணக்கு. மல்லாட்டை இல்லாத பட்டத்தில் வேப்பம்பூ, ஆட்டுப் புழுக்கை, உங்கள் அம்மா கொண்டுவருகிற கருவாட்டுக் குழம்பு என்று ஏதாவது ஒன்று உன் மூக்குக்குக் கிடைக்கும். ஆனால் எது கிடைத்தாலும் நீ அதை "மல்லாட்ட வந்துடுச்சு" என்று ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான், உண்மையில் என்ன வந்தது என்று சொல்வாய்.

ஜவ்வாது மலைக்குப் போனோமே, அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வேறொன்றும் வருகிறது. பொங்கல் விடுமுறைக்கு மலை மேல் தங்கும் விடுதி வைத்திருந்த ஒருவர் இரண்டு வண்டி கொண்டுவரச் சொன்னார். நடுப் பொண்ணையும் சின்னப் பொண்ணையும் குட்டியானை வேனில் ஏற்றிக் கட்டினோம். அடிவாரத்து டீக்கடையில் நிறுத்தி, மப்ளரைச் சுற்றிக்கொண்டு நான் பெரிய மேதை மாதிரிச் சொன்னேன்: "மேல குளிரும். நம்ம ஊர் மார்கழிக்கு எவ்ளோ தெறப்போமோ, அதுக்கும் மேலயே தெறக்கணும்." நீயும் தலையாட்டினாய். இரண்டு வண்டிக்கும் அரைச் சுற்று திறந்துவைத்தேன்.

செஞ்சிக்காரிகள் செய்கிற தப்பு அது. நமக்கு மலை என்றால் பாறை. ஏறினாலும் அதே வெயில், இறங்கினாலும் அதே வெயில். குளிர் என்றால் மார்கழி, அதைத் தவிர வேறு குளிர் நமக்குத் தெரியாது. உயரம் போகப் போகக் காற்று தானாக மெலியும் என்பதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள்தான் நான். ஆனால் உடம்பில் குளிர் பட்டதும் படிப்பு போய் ஊர்ப் புத்தி வந்துவிட்டது.

மேலே இரண்டு வண்டியும் இருமியது இன்னும் காதில் இருக்கிறது. கரும்புகை. குடும்பம் குடும்பமாக ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். விடுதிக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறார். குளிருக்குப் பெட்ரோல் பத்தவில்லை என்று நான் இன்னும் திறந்தேன். நடுப் பொண்ணு ஒரேயடியாக நின்றுபோனாள்.

"நிறுத்துடி. நாத்தம் கொடலப் புடுங்குது" என்றாய்.

"குளிருக்கு அப்படித்தான் இருக்கும்."

"குளிரு இல்ல. மேல வந்ததுல இருந்து எனக்கே மூச்சு வாங்குது. அதுக்கு மட்டும் வாங்காதா?"

சொல்லிவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டாய். ப்ளக்கைக் கழற்றினேன். கரி அப்பி ஈரமாக இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. திறந்த அரைச் சுற்றையும் மூடி, ஊரில் இருந்த அளவுக்கும் கீழே மூடினேன். "இப்ப இன்னாடி?" என்று கத்தினேன். நீ உட்கார்ந்த இடத்திலிருந்தே, "மல்லாட்ட வந்துடுச்சு! யாரோ உள்ள பூண்டு வதக்கறாங்க!" என்றாய். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். முதல் சவாரி நீதான் போனாய், புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, அந்தச் சரிவில் கூவிக்கொண்டே. கீழே இறங்கும்போது எனக்கு நினைவூட்டியதும் நீதான்: "ஊருக்குப் போனதும் மறக்காம தெற. இல்லன்னா சூடாயிடும் எம்பொண்ணு."

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி டாக்டர் பிறகு சொன்னார், அந்த உயரத்தில் ஆளுக்கு மூச்சு வாங்காது என்று. ரத்தம் குறைந்திருந்ததால் வாங்கிய மூச்சு அது. ரத்தம் ஏன் குறைந்தது என்று பார்க்கப் போய்த்தான் மற்றதெல்லாம் தெரிந்தது. வார்டுக்கு வெளியே பெஞ்சில் நான் அழுதுகொண்டிருந்தபோது நீ வந்து இடித்தாய். "பாத்தியா, காரணத்த தப்பா சொல்லி பதில கரெக்ட்டா சொல்லிட்டேன்" என்றாய். அந்த நேரத்திலும் உனக்கு வாய் ஓயவில்லை.

கீமோ ஆரம்பித்த பிறகு இடையிடையே வீட்டுக்கு விட்டார்கள். முடி போனது. உடம்பு பாதியானது. இதற்கெல்லாம் நீ கலங்கியதாக எனக்குத் தெரியவில்லை. நீ கலங்கியது ஒன்றுக்குத்தான். உன்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் உன்னைப் படுக்கச் சொன்னார்கள். ஒரு டம்ளர் எடுக்க எழுந்தால்கூட நாலு பேர் ஓடிவந்தார்கள். ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாய்:

"மாதுளம்பழம் உரிச்சு வாயில வெச்சே என்னைக் கொன்னுடுவாங்க போல இருக்குதுடி. எனக்கு எதனா வேல குடு. என்னால ஆவுற வேல ஒண்ணாச்சும் இருக்குது இல்ல?"

"மூக்கு இருக்குது இல்ல, வந்து உக்காரு" என்றேன். உன் முகம் அன்று எப்படி ஆயிற்று என்பதை நீ பார்த்திருக்க முடியாது. நான் பார்த்தேன்.

உங்கள் அம்மா என்னைத் திட்டினார். "புகையில கொண்டுபோயி உக்காரவெப்பியா? உனக்கு அறிவு இருக்குதா?" கூட்டம் வருவதற்கு முன்னால், காலையில், காற்றுக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளி நாற்காலி போடுகிறேன் என்று சத்தியம் செய்து உன்னை அழைத்துவந்தேன். வேப்ப மரத்தடியில், தலையில் துண்டும் முகத்தில் மாஸ்க்குமாக நீ உட்கார்ந்தாய். நான் நடுப் பொண்ணை ஸ்டார்ட் செய்தேன். பங்குனி மாதம், வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. மூடவேண்டிய பருவம்.

"இப்ப இன்னாடி?"

மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கினாய். கண்ணை மூடினாய். "பெட்ரோல் கொஞ்சம் தூக்கலா இருக்குது."

மூடினேன். "இப்ப?"

நீ வெகு நேரம் யோசித்தாய். பிறகு சிரித்தாய். "மல்லாட்ட வந்துடுச்சு. ஆமா, மல்லாட்டயேதான். புடுங்கறாங்க போல இருக்குது."

நான் ஸ்க்ரூடிரைவரோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். நீ மாசியிலிருந்து ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தாய், அந்தக் கொல்லையைப் பார்த்திருக்க வழியில்லை. நாற்காலியிலிருந்து பார்த்தால் வேலியில் கட்டிய பச்சை வலை மறைக்கும். என் பக்கத்தில் வலை கிழிந்திருந்தது. பக்கத்துக் கொல்லைக்காரருக்குக் கிணற்று மோட்டார் எரிந்துபோய், அந்தப் பட்டத்தில் அவர் எதையுமே போடவில்லை. கொல்லை கரம்பாகக் கிடந்தது. நாலைந்து ஆடுகள் காய்ந்த புல்லைக் கடித்துக்கொண்டிருந்தன.

மூக்கு போவது என்றால் என்னவென்று இந்த ஊரில் யாருக்குத் தெரிகிறதோ இல்லையோ, எனக்குத் தெரியும். சோறு வெறும் சூடாகிவிடும். மழை வெறும் ஈரமாகிவிடும். எனக்கு மூக்காக இருந்தவளுக்கு மருந்து மூக்கைக் கொண்டுபோய்விட்டது, அவளும் அதைச் சொல்லாமல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து வேலை பார்க்கிறாள்.

"இன்னாடி, பேசாம இருக்கற? சரியா இல்லையா?" என்றாய். உன் குரலில் பயம் இருந்தது. அதற்கு முன்னால் நான் கேட்டறியாத பயம்.

"சரியாத்தான் இருக்குது. இத்தோட விட்டுடறேன்" என்றேன்.

உன்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்து ப்ளக்கைக் கழற்றினேன். கரி. துடைத்துப் போட்டு, இன்னும் கால் சுற்று மூடி, ஓட்டிப் பார்த்து, மறுபடி கழற்றி நிறம் பார்த்துச் சரிசெய்தேன். அப்படித்தான் அந்தக் கோடை முழுக்க நடந்தது. நீ வீட்டுக்கு வந்த போதெல்லாம் மைதானத்துக்கு வந்தாய். நான் கேட்டேன். நீ சொன்னாய். நீ போன பிறகு நான் ப்ளக்கைக் கழற்றினேன். ப்ளக் நிறத்தையும் காதையும் மட்டும் வைத்து அளவு பிடிக்க நான் உண்மையில் கற்றுக்கொண்டது அந்தக் கோடையில்தான்.

நான் கடைசித் தடவை ஆஸ்பத்திரிக்கு வந்தபோது உனக்குப் பேசவே சிரமம். மதியச் சாப்பாட்டு நேரம். உங்கள் அம்மா தட்டுக் கழுவப் போயிருந்தார். நான் வழக்கம்போல மைதானத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். நீ இடைமறித்தாய்.

"அந்தக் கொல்லையில ஆடு மேஞ்சுனு இருந்துச்சு."

"எந்தக் கொல்லையில?"

"நடிக்காத. மொத நாளே ஆட்டோல போவும்போது பாத்துட்டேன். கரம்பா கெடந்துச்சு. அங்க ஏது மல்லாட்ட?"

"பாத்துட்டுமா திரும்பத் திரும்ப வந்து அதையே சொன்ன?"

"நீ கேட்டியே. கேட்டா சொல்லணும் இல்ல?" மூச்சு வாங்கிக்கொண்டாய். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடந்தாய். தூங்கிவிட்டாய் என்று நினைத்தேன். "நான் போனப்புறம் நீ ப்ளக்கக் கழட்டுவேன்னும் தெரியும். அது பரவால்ல. நீ என்னைக் கேக்கறத நிறுத்திடுவியோன்னுதான்டி பயமா இருந்துச்சு. நீ நிறுத்தல."

நான் உன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் அம்மா தட்டோடு வந்து, இரண்டு பேரும் எதற்கு இப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். வண்டி விஷயம் என்றேன்.

நீ போன பிறகு மைதானத்தை மூடிவிடலாம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். உன் நைனா மட்டும், "அவ வண்டிங்க, ஓடட்டும்மா" என்றார். ஓடுகிறது. அந்த விடுதிக்காரர் வரும் பொங்கலுக்கு மறுபடி கூப்பிட்டிருக்கிறார். போகிறேன். இந்தத் தடவை அடிவாரத்தில் ஸ்க்ரூவைத் தொடமாட்டேன். குளிரை நம்பமாட்டேன். மேலே போய், ப்ளக்கைப் பார்த்து, மூடுகிற அளவுக்கு மூடுவேன்.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. நான் இன்னும் கேட்கிறேன். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் கையை எடுத்துவிட்டு, "இப்ப இன்னாடி?" என்று வேப்ப மரத்துப் பக்கம் பார்த்துக் கேட்கிறேன். வாடிக்கையாளர் யாராவது நின்றால் வாய்க்குள் கேட்டுக்கொள்கிறேன். கேட்டுவிட்டு, நீ கண்ணை மூடி யோசிக்கிற நேரம் வரை காத்திருக்கிறேன். பிறகுதான் ப்ளக்கைக் கழற்றுகிறேன். அப்படிக் காத்திருக்காமல் வைத்த அளவு எதுவும் நிற்பதில்லை. வேண்டுமானால் நீ சிரித்துக்கொள்.

இன்று காலையும் அப்படித்தான். நடுப் பொண்ணு இருமிக்கொண்டிருந்தாள். மழை ஈரம், மூடவேண்டிய பருவம். மூக்கெல்லாம் பெட்ரோல். எனக்கு அழுகையாக வந்தது, அது புகையால் வந்த தண்ணீர் இல்லை. கால் சுற்று மூடினேன். "இப்ப இன்னாடி?" என்றேன். காத்திருந்தேன். எரிச்சல் குறைந்தது. இன்னும் துளி மூடினேன். இன்ஜின் சீராக நின்றது. மறுபடி கேட்டேன். மறுபடி காத்திருந்தேன்.

பக்கத்துக் கொல்லைக்காரர் புது மோட்டார் போட்டு, ஆடிப் பட்டத்தில் விதைத்திருந்தார். பச்சை வலைக்கு அந்தப் பக்கம் பிடுங்குகிற பெண்களின் பேச்சு கேட்டது. நான் எழுந்து பார்க்கவில்லை. பார்க்கத் தேவைப்படவில்லை.

வந்துடுச்சுடி.